முட்டை அடித்த கூலி

"தலைக்குப் பத்து ரூபாய் வசூல் செய்து அனுப்பிட்டா ரெண்டே நாள்ல வேலை முடிஞ்சிடும். எதுக்கு டீச்சர் இந்த முட்டையும் சீனியும் அலைச்சலும்?" என்று ஆசிரியர் அறையில் கேட்டார்கள். 2005 ஜனவரி. அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்திருந்த நேரம். தூத்துக்குடியில் அரசு உதவி பெறும் பெண்கள் பள்ளி ஒன்றில் நான் அப்போது மேல்நிலை வகுப்புகளுக்கு வணிகவியலும் கணக்குப் பதிவியலும் நடத்திக்கொண்டிருந்தேன். கேட்டவர்கள் நல்ல மனதோடுதான் கேட்டார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் கணக்கும் அவர்கள் பக்கம்தான். பலகாரம் செய்து விற்பதென்றால் முதலில் சாமான் வாங்க வேண்டும், பிறகு உடம்பை வருத்த வேண்டும், விற்காமல் தேங்கினால் நட்டம். சாமானுக்குப் போடும் காசை நேரே உண்டியலில் போட்டுவிடலாமே என்று யாருக்கும் தோன்றும். ஆனாலும் விற்பனைதான் வேண்டும் என்று நான் விடாமல் நின்றேன். எங்கள் பிள்ளைகளின் வீடுகளில் அந்த மாதம் என்ன நிலைமை என்று எனக்குத் தெரியும்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்த சுனாமி எங்கள் ஊரைப் பெரிதாகத் தாக்கவில்லை. கிழக்கே இலங்கை குறுக்கே கிடக்கிறது. அலையின் முழு வேகத்தையும் அந்தத் தீவு தன்மேல் வாங்கிக்கொண்டது. வடக்கே நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். தெற்கே குமரி மாவட்டத்தில் குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்று ஊர் ஊராகச் சிதைந்தன. மேலமணக்குடியையும் கீழமணக்குடியையும் இணைத்த பாலத்தையே அலை பெயர்த்துக்கொண்டு போய்விட்டது. இரண்டு பக்கமும் சாவு, நடுவில் நாங்கள் மட்டும் தப்பியிருந்தோம். தப்பியவர்கள் சும்மா இருக்கக் கூடாது என்று ஊரே நினைத்தது. அரிசி, பாய், பாத்திரம், பழைய துணி என்று லாரி லாரியாகப் போயிற்று.

ஆனால் உயிர் தப்பிய ஊரில் பிழைப்பு தப்பவில்லை. திரேஸ்புரத்துப் பிள்ளைகளின் அப்பாமார் பயத்தில் கடலுக்குப் போகாமல் இருந்தார்கள். துணிந்து போய்ப் பிடித்துவந்த மீனையும் வாங்க ஆளில்லை. கடலில் பிணம் மிதக்கிறது, மீன் தின்னக் கூடாது என்ற பேச்சு எங்கும் பரவியிருந்தது. முள்ளக்காடு, முத்தையாபுரம் பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகளுக்கு வேறு கஷ்டம். வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் உப்பளத்தில் வேலை நின்றுவிடும். மழை ஓய்ந்து, பாத்தியை மிதித்துச் சரிசெய்து, தண்ணீர் கட்டி, உப்பு விளைந்து, அதை வாரிக் கரையேற்றிக் கூலி வாங்குவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். அந்த வீடுகளில் ஜனவரி என்றால் கடன் வாங்கிச் சாப்பிடும் மாதம். அங்கே போய்ப் பத்து ரூபாய் கேட்பது ஒரு வேளை உலையைக் கேட்பதற்குச் சமம்.

முடியாதவர்கள் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிடலாமே என்றார்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் படித்த காலத்தில் கொடி நாளுக்குக் கொடியும், காசநோய் ஒழிப்புக்கு ஸ்டாம்பும் வகுப்பில் கொடுத்து விற்பார்கள். காசு கொண்டுவராதவர்கள் பெயரை மறுநாள் வாசிப்பார்கள். பெயர் வந்த பிள்ளை எழுந்து நிற்க வேண்டும். அப்படி நின்றவர்களின் முகங்கள் இன்றைக்கும் எனக்கு நினைவிருக்கின்றன. அடுத்தவர் துயரத்துக்குக் கைகொடுக்க வேண்டும் என்ற ஆசை எல்லாப் பிள்ளைக்கும் உண்டு. கையில் காசில்லை என்பதற்காக ஒரு பிள்ளையை ஓரமாக உட்காரவைத்து வேடிக்கை பார்க்கச் சொல்லும் உரிமை நமக்குக் கிடையாது. காசு இல்லாதவள் கையையாவது கொடுக்கட்டும் என்றுதான் விற்பனை கேட்டேன்.

எங்கள் பகுதிக்கு இது புதிய வழக்கமும் அல்ல. திருநெல்வேலிச் சீமையின் கிறிஸ்தவக் கிராமங்களில் உலையில் அரிசி போடும் முன் ஒரு கைப்பிடியை எடுத்துத் தனிப் பானையில் போட்டுவைப்பார்கள். காசு புழங்காத வீட்டுப் பெண்ணுக்கும் அதனால் ஒரு காணிக்கை சேர்ந்துவிடும். காஞ்சிப் பெரியவர் ஊக்குவித்த பிடி அரிசித் திட்டமும் இதைப் போன்றதுதான். அறுப்பின் பண்டிகையில் கோழி, முட்டை, பூசணிக்காய், வாழைத்தார் என்று அவரவர் வீட்டில் விளைந்ததைக் கோயிலில் கொண்டுவந்து வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் ஏலம் நடக்கும். எடுத்தவர் பொருளைத் திருப்பிக் கொடுப்பார், அதை மறுபடியும் ஏலம் விடுவார்கள். ஒரே எலுமிச்சம்பழம் கை மாறிக் கை மாறி ஒரு மூட்டை நெல்லின் விலைக்குப் போனதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். தலைமையாசிரியையிடம் இதைத்தான் எடுத்துச் சொன்னேன். அவர்களும் அந்த ஏலத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள். குடியரசு தினத்தன்று கொடியேற்றம் முடிந்ததும் நடத்திக்கொள்ளச் சொன்னார்கள்.

என்ன விற்பது என்பதில் தூத்துக்குடிக்காரர்களுக்கு யோசனையே வேண்டாம். மக்ரூன்தான். முந்திரிப்பருப்பு, சீனி, முட்டையின் வெள்ளைக்கரு, மூன்றே சாமான். மாவு கிடையாது, வெண்ணெய் கிடையாது. ஐரோப்பாவில் பாதாம் போட்டுச் செய்வதை இந்தத் துறைமுகத்தில் முந்திரி போட்டுச் செய்து தங்கள் பலகாரமாக ஆக்கிக்கொண்டார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அனைவருக்கும் அதன் ருசி தெரியும். ஆனால் செய்யத் தெரிந்தவர்கள் பேக்கரிக்காரர்கள் மட்டும். மட்டக்கடைப் பக்கம் பழைய விறகு அடுப்பு வைத்திருந்த ஒரு அண்ணாச்சியிடம் போய்க் கேட்டோம். "25-ஆம் தேதி ராத்திரி ரொட்டி எடுத்த பிறகு அடுப்பு உங்களுக்குத்தான். ஆனா நான் சொல்லுத மாதிரிதான் பிள்ளைகள் செய்யணும், அவசரப்படக் கூடாது" என்றார். வாடகை பேச்சை எடுக்கவே விடவில்லை.

முட்டை மாணவிகள் கொண்டுவந்தது. முடிந்தவர்கள் ஒன்றோ இரண்டோ கொண்டுவரலாம். வாசலில் இருந்த கூடையில் வைத்துவிட்டுப் போக வேண்டும், யார் பெயரையும் எழுதக் கூடாது என்பது ஏற்பாடு. சீனியை ஒரு மளிகைக் கடைக்காரர் கொடுத்தார். முந்திரி மட்டும் விலைக்கு வாங்கியது. ஆசிரியைகள் நாங்கள் அதற்கு முன்பணம் போட்டோம்.

25-ஆம் தேதி சாயங்காலம் அண்ணாச்சியின் பேக்கரிப் பின்கட்டில் முப்பது நாற்பது பெண்கள். மாணவிகளோடு அம்மாமார் சிலரும் வந்திருந்தார்கள். மக்ரூனில் பாதி வேலை வெள்ளைக்கருவைப் பிரிப்பதில் இருக்கிறது. மஞ்சள் ஒரு சொட்டு விழுந்தாலும் நுரை எழும்பாது. பாத்திரத்தில் எண்ணெய்ப் பசை இருந்தாலும் எழும்பாது, ஈரம் இருந்தாலும் சரிவராது. அண்ணாச்சி ஒவ்வொரு சட்டியாக முகர்ந்து பார்த்து, திருப்தி இல்லாததைச் சாம்பல் போட்டு மறுபடி கழுவச் சொன்னார். பிறகு அடிக்க ஆரம்பித்தோம். அவருடைய மிஷின் கடை வேலையில் ஓடிக்கொண்டிருந்ததால் எங்களுக்குக் கம்பிதான். கொஞ்ச நேரம் அடித்ததுமே பிள்ளைகளுக்குத் தோள் விட்டுப்போயிற்று. நிறுத்தினால் நுரை அமுங்கிவிடும், நிறுத்தாதீங்க நிறுத்தாதீங்க என்று அண்ணாச்சி கத்துகிறார்.

அப்போது முள்ளக்காட்டுப் பிள்ளை ஒருத்தியின் அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து கம்பியை வாங்கினார். உப்பளத்தில் நாள் முழுக்கப் பலகை பிடித்து உப்பு வாருகிற கை. ஒரே சீராக, தாளம் தப்பாமல் அடித்தார். பக்கத்தில் இன்னும் இரண்டு உப்பளத்துப் பெண்கள் உட்கார்ந்தார்கள். சீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவத் தூவ நுரை வெளுத்து, கெட்டிப்பட்டு, பளபளவென்று எழும்பியது. அண்ணாச்சி சட்டியை வாங்கித் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு துளி அசையவில்லை. பிள்ளைகள் கைதட்டினார்கள். அந்த அம்மாவின் மகள் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்காருகிறவள், அதிகம் பேசமாட்டாள். அன்று ராத்திரி எல்லோருக்கும் அவள்தான் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள், எங்க அம்மா மாதிரி முழங்கையை ஆட்டாம மணிக்கட்டால அடிங்கட்டி என்று.

பொடித்த முந்திரியை நுரையில் போட்டுக் கையாலேயே மெல்லப் புரட்ட வேண்டும், அழுத்தினால் காற்று போய்விடும். காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி, அதில் கலவையை நிரப்பி, தகட்டில் விரித்த தாள்மேல் ஒவ்வொன்றாகப் பிழிந்து வைத்தோம். நுனி கூர்மையாக நிற்க வேண்டும். கனலை வாரி வெளியே தள்ளிய அடுப்பில், மிச்சச் சூட்டில், விடியவிடிய அது வேகுவதைவிடக் காய்வதுதான் அதிகம். மேல்தட்டில் இருந்த சில வெடித்து நொறுங்கின. அதைப் பொடியாகவே பொட்டலம் கட்டினோம். மறுநாள் ஆறாம் வகுப்புச் சின்னப் பிள்ளைகள் எட்டணா கொடுத்து அந்தப் பொடியைத்தான் முதலில் வாங்கித் தீர்த்தார்கள். கடற்காற்றில் மக்ரூன் சீக்கிரம் நமத்துப்போகும் என்பதால் பத்துப் பத்தாகப் பாலித்தீன் உறையில் போட்டு, மெழுகுவத்திச் சுடரில் வாயை ஒட்டினோம். மிஞ்சிய மஞ்சள்கருவைப் பக்கத்துப் பரோட்டாக் கடை அண்ணாச்சி விலைக்கு எடுத்துக்கொண்டார்.

மஞ்சள்கரு விற்ற காசைக் கையில் வாங்கியதும் பேரேட்டைத் திறந்தவள் ஒரு பிளஸ் ஒன் மாணவி. கணக்குப் பொறுப்பை நான் அவளிடம்தான் கொடுத்திருந்தேன். அடுத்தவர் பெயரைச் சொல்லி வாங்குகிற காசுக்கு நம் சொந்தக் காசைவிடக் கறாராகக் கணக்கு எழுத வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருந்தேன். அந்தப் பெண் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர், முட்டை சும்மா வந்ததுன்னா கணக்குல அதுக்கு விலை இல்லையா?"

சந்தை விலைக்குக் கொடை என்று வரவு எழுதி, அதே தொகையைச் செலவில் பற்று எழுதலாம் என்றேன். இரட்டைப் பதிவு முறையில் அதற்கு இடம் உண்டு. ரொக்கம் மாறாது, ஆனால் வந்தது வந்ததாகத் தெரியும்.

"அப்ப சீனி?" எழுது. "விறகு, அடுப்பு?" எழுது. கொஞ்சம் நிறுத்தி, "முட்டை அடிச்ச கூலி?" என்றாள்.

பாடப் புத்தகத்தில் அந்தக் கேள்விக்கு விடை கிடையாது. இன்றைக்கும் என் ஆசிரியப் பணியில் ஒரு மாணவி கேட்ட மிக நல்ல கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். எழுது என்றேன். எவ்வளவு என்று அவளே விசாரித்துப் போடட்டும் என்று விட்டுவிட்டேன். அந்தப் பேரேடு முடிந்தபோது, ஆசிரியர் அறையில் எழுந்த கேள்விக்கு அதில் விடை இருந்தது. கொடைப் பக்கத்தில் முட்டை, சீனி, விறகு, அடுப்பு, கூலி, மெழுகுவத்தி எல்லாம் நின்றன. பத்து ரூபாய் வசூலித்திருந்தால் அதில் ஒரு வரி கூட வந்திருக்காது. ரொக்கத்திலும் வசூலால் கிடைத்திருக்கக்கூடியதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வந்திருந்தது.

விற்பனைக்கு முன்பே இன்னொரு வேலையை முடித்திருந்தோம். யாருக்கு, என்ன வேண்டும் என்று கேட்பது. நாகப்பட்டினத்திலும் குமரியிலும் நிவாரணமாகப் போன பழைய துணிகள் சீந்துவாரில்லாமல் சாலையோரம் குவிந்து கிடந்ததைப் பத்திரிகைகளில் பார்த்திருந்தோம். அனுப்புகிறவர்கள் தங்களிடம் மிச்சமிருப்பதை அனுப்பினார்கள். வாங்குகிறவர்களுக்கு எது இல்லை என்று கேட்க அந்த அவசரத்தில் யாருக்கும் நேரமில்லை. எங்கள் மாணவி ஒருத்தியின் அத்தை குமரிக் கடற்கரைப் பள்ளி ஒன்றில் ஆசிரியை. அவர் மூலம் அங்கத்தைய தலைமையாசிரியையோடு டெலிபோனில் பேசினேன்.

"நோட்டு வேண்டாம் டீச்சர், வைக்க இடமில்ல. பழைய துணி அனுப்பவே அனுப்பாதீங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு உள்ளுடுப்பு ஒருத்தரும் கொண்டுவரல. மாசாமாசம் வேண்டியதும் இல்ல. முகாம்ல அத்தனை ஆம்பளைகளுக்கு முன்னால வரிசையில நின்னு எப்படிக் கேப்பாங்க? பப்ளிக் எக்ஸாம் வேற வருது. அந்த நாள் வந்தா பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கே வரமாட்டேங்குறாங்க."

மேல்வகுப்பு மாணவிகளிடம் இதை அப்படியே சொன்னேன். வகுப்பில் ஒரு சத்தமும் இல்லை. அவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அளவு கேட்டு எழுதினோம், அந்தத் தலைமையாசிரியை எத்தனை பிள்ளைகளுக்கு எந்த அளவு என்று ஒழுங்காகப் பட்டியல் போட்டு அனுப்பினார்.

குடியரசு தினத்தன்று கொடியேற்றி மிட்டாய் கொடுத்த பிறகு மைதானத்து வேப்பமரத்தடியில் இரண்டு மேஜை போட்டோம். ஒன்று மக்ரூனுக்கு. இன்னொன்று முட்டை சேராத பலகாரத்துக்கு. சைவ வீட்டுப் பிள்ளைகளும் பெற்றோரும் கூச்சமில்லாமல் வாங்க அது அவசியம். முந்திரிக்கொத்து, சேவு, ஒரு வீட்டிலிருந்து முதலூர் மஸ்கோத் அல்வா. மக்ரூன் ஒன்று இரண்டு ரூபாய், உறை இருபது. யாருக்கும் இலவசம் இல்லை என்பதைப் பிள்ளைகளே முடிவுசெய்து அட்டையில் எழுதி வைத்திருந்தார்கள். சிறப்பு விருந்தினர் அதைப் படித்துவிட்டு, தானே சட்டைப்பையிலிருந்து பணம் எடுத்து வரிசையில் நின்றார். கொடியேற்றத்துக்கு வந்த அப்பாமார் வீட்டுக்கு இரண்டு உறை, அலுவலகத்துக்கு இரண்டு உறை என்று வாங்கினார்கள். உண்டியல் நீட்டினால் ஐந்து ரூபாய் போடுகிறவரும் பலகாரம் என்றால் நாற்பது ரூபாய்க்கு வாங்குகிறார். அதில் தவறு ஒன்றுமில்லை. அவர் வீட்டுக் குழந்தைக்கும் ஒரு பலகாரம் கிடைத்தது, அங்கே ஒரு குழந்தைக்கும் வேண்டியது கிடைத்தது.

கடைசியில் ஒரே ஒரு உறை மிஞ்சியது. இதை ஏலம் விடுவோம் என்று தலைமையாசிரியையே சொன்னார்கள். மளிகைக் கடைக்காரர் எடுத்தார், திருப்பிக் கொடுத்தார். ஒரு டாக்டர் எடுத்தார், திருப்பிக் கொடுத்தார். மூன்றாவது முறை திரேஸ்புரத்து அப்பாமார் ஐந்தாறு பேர் தங்களுக்குள் பேசிச் சேர்ந்து கேட்டார்கள். கடலுக்குப் போகாத மாதம் அது. கேட்ட தொகை முந்தைய இரண்டையும்விடக் கம்மி. ஆனால் அதற்குமேல் மைதானத்தில் ஒருவரும் கேட்கவில்லை, எல்லோரும் வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். அவர்கள் பெயரிலேயே ஏலம் முடிந்தது. ஒரே உறை மூன்று தடவை விற்றதைப் பேரேட்டில் எப்படி எழுதுவது என்று கணக்குப் பிள்ளை கேட்டாள். திரும்ப வந்த இரண்டு முறையும் கொடை, மூன்றாவது விற்பனை என்று எழுதச் சொன்னேன்.

பிப்ரவரியில் சாமான்களை வாங்கி, பிள்ளை வாரியாகப் பெயரில்லாத பைகளில் கட்டி, ஒரு சனிக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தோம். போக்குவரத்துச் செலவு ஆசிரியைகளுடையது. போட்டோ எடுக்கவில்லை. அதைத் தலைமையாசிரியை முதலிலேயே சொல்லிவிட்டார்கள்.

பிறகு வரவு செலவுக் கணக்கைப் பள்ளி வாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். அப்போது ஒரு தயக்கம் வந்தது. ஊரார் வந்துபோகிற வாசல், அப்பாமார் படிப்பார்கள், 'இதர பொருட்கள்' என்று போட்டுவிடலாமா என்று கேட்டார்கள். மாணவிகளைக் கூட்டிவைத்துக் கேட்டேன். ஒரு பன்னிரண்டாம் வகுப்புப் பெண் எழுந்து, "இதரன்னு எழுதுனதாலதான டீச்சர் அங்க ஒருத்தருக்கும் தோணாம போச்சு" என்றாள். அதற்குமேல் நான் பேச என்ன இருக்கிறது? உள்ளாடை, நாப்கின் என்று அளவும் எண்ணிக்கையும் விலையும் போட்டு முத்து முத்தான கையெழுத்தில் எழுதி ஒட்டினார்கள். யாரும் முகம் சுளித்ததாக எனக்குத் தெரியவில்லை. சில நாட்களில் வேறு இரண்டு பள்ளிகளிலிருந்து அந்தத் தலைமையாசிரியையின் டெலிபோன் நம்பர் கேட்டுப் பேசினார்கள்.

அந்தத் தாளை வாசலில் நின்று எழுத்துக்கூட்டி முழுக்க வாசித்தவர்களில் முள்ளக்காட்டு அம்மாவும் ஒருவர். மகளைப் பார்க்க வந்தவர், பலகைமுன் நெடுநேரம் நின்றார். பிறகு கணக்குப் பிள்ளையை அழைத்துவரச் சொன்னார்.

"முட்டை அடிச்ச கூலின்னு போட்டிருக்கியே, அது எங்களுக்கா?"

"ஆமாம்மா. நீங்க மூணு பேரும் கொடுத்த கொடை."

அவர் தொகையின்மேல் விரலை வைத்தார். "இது எந்த ஊர்க் கூலி? உப்பளத்துல வாருனா இதவிடக் கூடக் கிடைக்கும்லா. அரை நாள் அடிச்சிருக்கோம், தோள்பட்ட ரெண்டு நாள் வலிச்சிச்சு. கொடுத்தது கொடுத்ததா இருக்கட்டும், கொறச்சு எழுதாத தாயி."

கணக்குப் பிள்ளை அங்கேயே உட்கார்ந்து உப்பளத்தில் அரை நாளுக்கு என்ன கூலி என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள். மத்தியானம் பேரேட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்து, செலவுப் பக்கத்திலும் கொடைப் பக்கத்திலும் பழைய தொகையைச் சிவப்பு மையில் அடித்து, பெண்ணுக்கு இவ்வளவு என்று மூன்று பேருக்கும் புதிய தொகையை எழுதி, திருத்தத்துக்குப் பக்கத்தில் என்னிடம் சுருக்கொப்பம் வாங்கினாள். பள்ளி விடுவதற்குள் பலகைத் தாளையும் கிழித்துப்போட்டுவிட்டுப் புதிதாக எழுதி ஒட்டினாள்.